எத்தனை மில்லி விநாடி? ரவுண்ட் ராபினும் முறைத் தண்ணீரும்

ரவுண்ட் ராபின் ஷெட்யூலிங், அதாவது ஒரே சிபியுவைப் பல நிரல்களுக்கு முறைவைத்துக் கொடுப்பது, பற்றி இயங்குதளப் பாடத்தில் வருவது ஒரு பத்திதான். ஓடத் தயாராக இருக்கும் புராசஸ்களை (தொடங்கிவிட்ட புரோகிராம்களை) வரிசையில் நிறுத்து. முன்னால் நிற்பதற்கு ஒரு துண்டு நேரம் கொடு. அதற்குள் முடிந்தால் வழியனுப்பு, முடியாவிட்டால் சிபியுவைப் பிடுங்கிக்கொண்டு வரிசையின் வாலுக்கு அனுப்பு. அடுத்ததைக் கூப்பிடு. ஒரு கியூவும் ஒரு டைமரும் இருந்தால் தீர்ந்தது. தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் லேபில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் இதை சி மொழியில் எழுதிவிடுவார்கள்.

அல்கரிதத்தில் கஷ்டமே இல்லை. கஷ்டம் முழுக்க அந்தத் துண்டின் நீளத்தில் இருக்கிறது. கேள்வித்தாளில் அதை ‘டைம் குவாண்டம் 4’ என்று அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள். அந்த 4 எங்கிருந்து வந்தது, ஏன் 40 இல்லை, ஏன் 0.4 இல்லை என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் நிஜ இயங்குதளத்தை எழுதுகிறவனுக்கு அந்த ஒரு எண்தான் தலைவலி.

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இந்தத் தலைவலி பழக்கமானது. மேட்டூர் நிறைந்து, ஜூன் 12 அன்று திறந்து, வரத்தும் குறையாத வருஷத்தில் ஷெட்யூலரே வேண்டாம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றிலும் ஒரே சமயம் தண்ணீர் போகும். தட்டுப்பாடு வந்தால்தான் முறை வைக்கிறார்கள்: சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு. அப்போது என்ன ஆகிறது? முறை இல்லாத நாட்களில் வாய்க்கால் காய்ந்துபோகிறது. மறுபடி திறக்கும் தண்ணீர் முதலில் மண் வெடிப்பைக் குடிக்க வைக்க வேண்டும், பள்ளங்களை நிரப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் சி, டி எனப்படும் சிறு கிளை வாய்க்கால்களுக்குள் ஏறி வயலுக்கு நகரும். முறை நாள் குறைவு என்றால், கடைமடையில் வாய்க்கால் நனையத் தொடங்கும் நேரத்தில் தலைப்பில் ஷட்டர் இறங்கிவிடும். காகிதத்தில் இரண்டு பக்கத்துக்கும் சம நாள். வயலில் போய்ப் பார்த்தால் சமம் இல்லை. சரி, நாளைக் கூட்டிவிடலாமே என்றால், காத்திருக்கிற பக்கத்தில் நாற்று கருகும்.

சிபியுவிலும் இழுபறி இதுதான். துண்டு குட்டையானால் மாற்றுகிற செலவு தின்றுவிடும். நீளமானால் காத்திருப்பவர் காய்வார். இனி எண்களுக்கு வருவோம்.

பிடுங்கும்போது உள்ளே நடப்பது

ஒரு புராசஸை இறக்கி அடுத்ததை ஏற்றுவதை ‘கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்’ என்று ஒரு அம்புக்குறி போட்டுக் காட்டுவதோடு வகுப்பில் நிறுத்திவிடுகிறார்கள். அதைக் கண்ணால் பார்க்க எம்ஐடி பாடத்துக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற சின்ன இயங்குதளம் நல்ல இடம். ரிஸ்க்-ஃபைவ் வகை சிபியுவுக்கான பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. டைமர் இன்டரப்ட், அதாவது கடிகாரக் குறுக்கீடு, அடிக்கிறது. சிபியு பாதி வேலையில் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் தாவுகிறது. முதல் காரியமாக, புரோகிராமின் 31 பொது ரிஜிஸ்டர்களும் (சிபியுவுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) அந்தப் புராசஸுக்கென ஒதுக்கிய ட்ராப்ஃப்ரேம் என்ற நினைவகப் பகுதியில் எழுதப்படுகின்றன. அடுத்து, நினைவக முகவரிகளை மொழிபெயர்க்கும் பேஜ் டேபிள் கெர்னலுடையதாக மாறுகிறது. வந்தது டைமர்தான் என்று தெரிந்ததும் ‘யீல்ட்’ என்ற ஃபங்ஷன் கூப்பிடப்படுகிறது. அது புராசஸின் நிலையை ‘ஓடுகிறது’ என்பதிலிருந்து ‘ஓடத் தயார்’ என்று மாற்றிவிட்டு, ‘ஸ்விட்ச்’ என்ற குட்டி அசெம்ப்ளி நிரலிடம் ஒப்படைக்கிறது. அது வெறும் 14 ரிஜிஸ்டர்களைச் சேமிக்கிறது: திரும்பும் முகவரி, ஸ்டாக் முனை, எஸ்0 முதல் எஸ்11 வரை. மற்றவற்றை ஏன் விட்டுவிடுகிறது? ‘ஸ்விட்ச்’ சாதாரண ஃபங்ஷன் மாதிரி கூப்பிடப்படுவதால், மற்றவை தேவைப்பட்டால் கூப்பிட்ட பக்கமே ஸ்டாக்கில் எடுத்து வைத்திருக்கும். கம்பைலர் பார்த்துக்கொள்ளும். பிறகு ஷெட்யூலர், 64 இடமுள்ள புராசஸ் அட்டவணையில் அடுத்த இடத்திலிருந்து தேடிப்போய், தயாராக நிற்கும் ஒன்றைப் பிடித்து, அதன் 14 ரிஜிஸ்டர்களை ஏற்றுகிறது.

கவனித்தீர்களா, இங்கே கியூவே கிடையாது. அட்டவணையைச் சுற்றி வருவதுதான். வந்த வரிசை அல்ல, அட்டவணையில் கிடைத்த இடம்தான் முறையைத் தீர்மானிக்கிறது. இருந்தும் அது ரவுண்ட் ராபின்தான், யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

டைமர் ஒருமுறை அடிப்பது ஒரு டிக். எக்ஸ்வி6 ஒவ்வொரு டிக்குக்கும் பிடுங்கிவிடும். ‘ஐந்து டிக்குக்கு ஒருமுறை மட்டும் பிடுங்கு’ என்று மாற்றிப் பார்ப்பது நல்ல பயிற்சி. அதில் பெரும்பாலானோர் விழும் குழி இது: கெர்னலின் பொது டிக் எண்ணை எடுத்து, ஐந்தால் வகுத்து மீதி பூஜ்யம் வந்தால் ‘யீல்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். பார்க்கச் சரியாகத்தான் ஓடும். ஆனால் ஒரு புராசஸ் இன்புட்டுக்காகப் பாதியில் தூங்கப்போய், அடுத்தது 4-வது டிக்கில் சிபியுவில் ஏறினால், அதற்குக் கிடைப்பது ஒரே டிக். முந்தினவன் மிச்சம் வைத்ததுதான் அடுத்தவனுக்கு. எண்ணிக்கை ஒவ்வொரு புராசஸின் பதிவுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஷெட்யூலர் அதைத் தேர்ந்தெடுக்கும் நொடியில் பூஜ்யமாக்க வேண்டும். பிடுங்கும்போது மட்டும் பூஜ்யமாக்கினால், தானாகத் தூங்கப்போன புராசஸ் எழுந்து வரும்போது பழைய பாக்கியோடு வரும்.

பரீட்சைக் கணக்கில் அரை மார்க் போகும் இடம்

நான்கு புராசஸ். அ 0-வது விநாடியில் வருகிறது, 8 வேண்டும். ஆ 1-ல் வருகிறது, 5 வேண்டும். இ 3-ல், 2 வேண்டும். ஈ 6-ல், 3 வேண்டும். துண்டு 3.

0 முதல் 3 வரை அ. இப்போது மணி 3. அதே நொடியில் இரண்டு சம்பவம்: அ-வின் துண்டு முடிந்து வாலுக்குப் போக வேண்டும், இ புதிதாக வந்து வாலில் நிற்க வேண்டும். யார் முன்னால்? பெரும்பாலான பாடநூல்களின் வழக்கம், புதிதாக வந்தவருக்கு முன்னிடம். அப்படியானால் வரிசை ஆ, இ, அ.

3–6 ஆ. மணி 6-ல் ஈ வருகிறது, ஆ-வின் துண்டும் முடிகிறது. மறுபடி அதே சிக்கல், அதே தீர்வு: இ, அ, ஈ, ஆ. 6–8 இ; இரண்டே போதும் என்பதால் மூன்றாவது விநாடியை வீணடிக்காமல் உடனே அடுத்தது. 8–11 அ. 11–14 ஈ முடிகிறது. 14–16 ஆ முடிகிறது. 16–18 அ முடிகிறது.

வந்ததிலிருந்து முடிந்தது வரை: அ 18, ஆ 15, இ 5, ஈ 8. சராசரி 11.5. அதில் ஓடிய நேரத்தைக் கழித்தால் காத்திருப்பு 10, 10, 3, 5. சராசரி 7.

அதே கணக்கில், பிடுங்கப்பட்டவருக்கு முன்னிடம் என்று வைத்துக்கொண்டால் இ முடிவது 11-ல், ஆ 13-ல், ஈ 16-ல், அ 18-ல். சராசரி காத்திருப்பு 7.5. இரண்டு விடையும் தப்பில்லை. எந்த வழக்கத்தைப் பிடித்தீர்கள் என்று ஒரு வரி எழுதாமல் விட்டால்தான் தப்பு. விடைத்தாளில் அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் திருத்துகிறவருக்கும் நிம்மதி.

இப்போது இதையே முதலில் வந்தவருக்கு முதலில் என்று, பிடுங்காமல் ஓட்டினால்? அ 8-ல், ஆ 13-ல், இ 15-ல், ஈ 18-ல். காத்திருப்பு 0, 7, 10, 9. சராசரி 6.5. ரவுண்ட் ராபினைவிடக் குறைவு!

அப்படியென்றால் எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். 10 விநாடி வேலை மூன்று ஒரே சமயம் வந்தால், ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும்போது அவை 10, 20, 30-ல் முடியும், சராசரி 20. 1 விநாடித் துண்டாகச் சுற்றினால் 28, 29, 30, சராசரி 29. சம அளவு வேலைகளைச் சுற்றவிடுவது எல்லோரையும் ஒன்றாகத் தாமதப்படுத்துவதில்தான் முடிகிறது. ரவுண்ட் ராபின் சராசரியைக் குறைக்கப் பிறந்ததல்ல.

அது குறைப்பது முதல் பதிலுக்கான காத்திருப்பை. மேலே உள்ள நான்கு புராசஸும் வந்ததிலிருந்து முதன்முதலாக சிபியுவைத் தொட எடுத்த நேரத்தைப் பாருங்கள். சுற்றும்போது 0, 2, 3, 5, சராசரி 2.5. சுற்றாதபோது 0, 7, 10, 9, சராசரி 6.5. கீபோர்டில் தட்டுகிறவருக்கு எழுத்து திரையில் விழ வேண்டும். அது விழுந்துவிட்டால், வேலை 16-ல் முடிகிறதா 13-ல் முடிகிறதா என்று அவர் கவலைப்பட மாட்டார்.

நீளத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்

மேலெல்லை எளிது. n புராசஸ், துண்டு q என்றால், ஒருவர் தன் முறைக்குக் காத்திருக்கும் அதிகபட்ச நேரம் (n−1) × q, அதோடு மாற்றும் செலவு. 50 புராசஸ், 20 மில்லி விநாடி என்றால் 49 × 20 = 980 மில்லி விநாடி. ஏறக்குறைய ஒரு விநாடி. மனிதக் கண் 100 மில்லி விநாடித் தாமதத்தையே உணரத் தொடங்கும். 5 மில்லி விநாடி வைத்தால் 245 ஆகக் குறையும். மேசைக் கணினியில் ஒரே நேரத்தில் 50 புராசஸ் சிபியு கேட்டு நிற்பதில்லை, பெரும்பாலானவை தூங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் பிழைத்துக்கொள்கிறோம்.

கீழெல்லையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ரிஜிஸ்டர்களைச் சேமிப்பது, ஷெட்யூலர் அடுத்ததைத் தேர்வது, பேஜ் டேபிள் மாற்றுவது எல்லாம் சேர்ந்து இன்றைய சிபியுவில் சில மைக்ரோ விநாடி. 5 மைக்ரோ விநாடி என்று வைத்துக்கொள்வோம். துண்டு 10 மில்லி விநாடி என்றால் நஷ்டம் 0.05 சதவீதம், கண்டுகொள்ள வேண்டாம். துண்டு 100 மைக்ரோ விநாடி என்றால் கிட்டத்தட்ட 5 சதவீதம். துண்டும் 5 மைக்ரோ விநாடி என்றால் சிபியுவின் பாதி உழைப்பு முறை மாற்றுவதிலேயே போய்விடும்.

ஆனால் இது தெரிகிற செலவு மட்டும். தெரியாத செலவு கேஷில், அதாவது சிபியுவுக்குள் இருக்கும் சின்ன, வேகமான நினைவகத்தில், இருக்கிறது. ஒரு புராசஸ் ஓடும்போது தனக்குத் தேவையான தரவை கேஷுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கும். அடுத்தவர் ஓடும்போது அதைத் தள்ளிவிட்டுத் தன்னுடையதை நிரப்புவார். முறை திரும்பி வரும்போது முதலாமவர் மறுபடி ராமிலிருந்து இழுக்க வேண்டும். 1 எம்பி கேஷ் என்றால் 64 பைட் வரிகளாக 16,384 வரி. ஒவ்வொன்றுக்கும் 80 நானோ விநாடி என்று ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தால் 1.3 மில்லி விநாடி. நிஜ ஹார்டுவேர் ஒரே சமயம் பல வரிகளை இழுக்கும், முன்கூட்டியே ஊகித்தும் எடுக்கும், அதனால் இதில் ஒரு பகுதிதான் ஆகும். இருந்தாலும் 5 மைக்ரோ விநாடியோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் டிஎல்பி-க்கும் இதே கதி; ஒவ்வொரு பதிவிலும் புராசஸ் அடையாள எண்ணை ஒட்டிவைக்கும் வசதி வந்தபிறகு அது கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஒரு மில்லி விநாடிக்குக் கீழே துண்டை இறக்கப் பொதுவான இயங்குதளங்கள் தயங்குவதற்கு முக்கியக் காரணம் இந்த மறைமுகச் செலவுதான்.

பாடநூல்களில் ஒரு கைவிதி உண்டு: சிபியு பர்ஸ்ட்களில் (காத்திருக்கப் போகும்வரை ஒரே மூச்சாக ஓடும் நேரங்களில்) 80 சதவீதம் ஒரு துண்டுக்குள்ளேயே முடிய வேண்டும். நல்ல விதி. பெரும்பாலான வேலைகள் சிபியுவைச் சில மில்லி விநாடி பிடித்துவிட்டு டிஸ்க்குக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருக்கப் போய்விடும். அவற்றை நடுவில் வெட்டாமல் விட்டால் மாற்றும் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

முறை மாற்றும் செலவைத் துண்டோடு நேரடியாக முடிச்சுப்போட்ட ஒரு பழைய ஏற்பாடு எனக்கு எப்போதும் பிடிக்கும். எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழு 1961 நவம்பரில் ஐபிஎம் 709-ல் ஓட்டிக் காட்டிய சிடிஎஸ்எஸ் தான், ஒரே கணினியைப் பலர் ஒரே சமயம் பயன்படுத்தும் காலப்பகிர்வு அமைப்புகளின் முன்னோடி. அந்தக் காலத்தில் நினைவகம் சிறிது. முறை மாறினால் ஒருவருடைய புரோகிராமை முழுசாக வெளியே இறக்கி, அடுத்தவருடையதை ஏற்ற வேண்டும். பெரிய புரோகிராமை ஏற்றவே அதிக நேரம். எல்லோருக்கும் ஒரே துண்டு கொடுத்தால் பெரியவருக்கு ஏற்றி இறக்குவதிலேயே பொழுது போய்விடும். அதனால் 1962-ல் அவர்கள் விவரித்த முறையில் பல படிகள் வைத்தார்கள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் துண்டு இரட்டிக்கும்: 1, 2, 4, 8. புரோகிராம் எவ்வளவு பெரிதோ அதற்கேற்பக் கீழ்ப்படியில் நுழையும். கீழ்ப்படிக்கு முறை அரிதாக வரும், வந்தால் நீளமாக வரும். கொடுத்த துண்டில் முடிக்காதவர் இன்னும் ஒரு படி இறங்குவார். நீளமான வாய்க்காலுக்கு நீளமான முறை என்று டெல்டாவில் எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்லும் நியாயம் இது. சம நேரம் கொடுப்பதோடு திருப்திப்பட்டுவிடாமல், கொடுத்த நேரத்தில் எவ்வளவு வேலை நடந்தது என்று பார்த்தார்கள். கோர்பட்டோவுக்கு 1990-ல் டூரிங் விருது கொடுத்தார்கள்.

பாதியில் விட்டுக்கொடுப்பவருக்கு நஷ்டம்

சுத்தமான ரவுண்ட் ராபினில் ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குப் பதியும் நாட்களில் டெல்டாவின் ஏதாவது ஒரு பொதுச் சேவை மையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல் என்று ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்கேன் செய்து சேமிக்கும் புரோகிராம் 1 மில்லி விநாடி கணக்குப் போடும், பிறகு 5 மில்லி விநாடி டிஸ்க்குக்குக் காத்திருக்கும், மறுபடி 1 மில்லி விநாடி. தனியாக ஓடினால் 6 மில்லி விநாடிக்கு ஒரு சுற்று.

அதே சிபியு கோரில் ஆன்டிவைரஸ், அப்டேட் இறக்கி விரிப்பது என்று கணக்கு மட்டுமே போடும் ஐந்து புராசஸ், துண்டு 20 மில்லி விநாடி என்று வைப்போம். ஸ்கேன் புரோகிராம் தன் 1 மில்லி விநாடியை ஓட்டிவிட்டு, மிச்சம் 19-ஐ விட்டுக்கொடுத்து டிஸ்க்குக்குப் போகிறது. ஐந்தாவது மில்லி விநாடியில் டிஸ்க் வேலை முடிந்து திரும்பி வந்தால், வரிசையின் வாலில்தான் இடம். மீதி எல்லோரும் முழு 20-ஐயும் தின்று முடிக்க வேண்டும். சுற்றின் நீளம் 101 மில்லி விநாடி, அதில் இதற்குக் கிடைத்தது 1. நியாயமாக ஆறில் ஒரு பங்கு வரவேண்டியவருக்கு நூறில் ஒரு பங்கு. டிஸ்க்கும் 101-ல் 5 மில்லி விநாடிதான் வேலை செய்கிறது. சிபியு மானிட்டர் 100 சதவீதம் காட்டும், ஆனால் கவுன்ட்டரில் நிற்பவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள்.

இதற்குப் பாடத்தில் வரும் மருந்து ‘வர்ச்சுவல் ரவுண்ட் ராபின்’. டிஸ்க்கிலிருந்து திரும்புகிறவர்களுக்குத் தனி துணைவரிசை. ஷெட்யூலர் முதலில் அதைப் பார்க்கும். ஆனால் அங்கிருந்து ஏறுபவருக்கு முழுத் துண்டு கிடையாது, முன்பு விட்டுக்கொடுத்த மிச்சம் மட்டும். அந்த நிபந்தனையை விட்டுவிட்டால், சும்மா ஒரு பைட் எழுதிவிட்டு ஓடிவந்து முன்னால் நிற்கும் தந்திரசாலிகள் மற்றவர்களைப் பட்டினி போட்டுவிடுவார்கள்.

விண்டோஸ் வேறு வழியில் போகிறது. அதில் 0 முதல் 31 வரை முன்னுரிமை நிலைகள். ஒரே நிலையில் இருப்பவர்களுக்குள் மட்டும் ரவுண்ட் ராபின். இன்புட்-அவுட்புட் முடித்து வருகிறவர்களுக்குத் தற்காலிகமாக நிலையை ஏற்றிவிடும். துண்டின் நீளம் கடிகார இடைவெளியின் மடங்கு, அந்த இடைவெளி வழக்கமாக 15.625 மில்லி விநாடி. சாதாரண விண்டோஸில் இரண்டு இடைவெளி, அதாவது சுமார் 31 மில்லி விநாடி. திரையில் முன்னால் இருக்கும் ஜன்னலின் புரோகிராமுக்கு மூன்று மடங்கு, சுமார் 94. சர்வர் பதிப்பில் எல்லோருக்கும் 12 இடைவெளி, சுமார் 187.

இதை மாற்றும் பொத்தான் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, அதில் பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், அதிலும் ஒரு அட்வான்ஸ்டு. ‘ப்ரோகிராம்ஸ்’, ‘பேக்கிரவுண்ட் சர்வீசஸ்’ என்று இரண்டு தேர்வு. ‘கணினி வேகமாகும்’ என்று யாராவது இரண்டாவதைத் தட்டிவிட்டிருந்தால், மேசைக் கணினிக்கு 187 மில்லி விநாடித் துண்டு போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டு கோர் உள்ள பழைய கணினியில் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தால், ராமை மாற்றும் முன் இதை ஒருமுறை பாருங்கள்.

பம்ப்செட்டுக்குள் ரவுண்ட் ராபின்

ஆற்றுத் தண்ணீரை நம்பமுடியாத இடங்களில் போர்வெல் மோட்டாரை செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டர்கள் வந்துவிட்டன. இந்த மாதிரிச் சாதனத்தை, சின்னச் சிப்களுக்கான ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற இயங்குதளம் வைத்துச் செய்கிறவர்களுக்காக இந்தப் பகுதி. நான்கு டாஸ்க் (இங்கே வரிசையில் நிற்பவை இவைதான்) என்று வைத்துக்கொள்வோம்: மோடத்தோடு பேசுவது, டிஸ்ப்ளே, பட்டன் பார்ப்பது, மின்னோட்டம் அளப்பது. எல்லாவற்றுக்கும் ஒரே முன்னுரிமை கொடுத்தால், இயல்பான அமைப்பில் ஃப்ரீஆர்டிஓஎஸ் டிக்குக்கு ஒருமுறை சுற்றும்.

டிக் 100 ஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தால் ஒரு துண்டு 10 மில்லி விநாடி. நான்கும் சுறுசுறுப்பாக ஓடினால், மின்னோட்டம் அளக்கும் டாஸ்க் 10 மில்லி விநாடி அளந்துவிட்டு 30 மில்லி விநாடி ஒதுங்கி நிற்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு அலைக்கு 20 மில்லி விநாடி. ஒன்றரை அலை பார்வையில் படாமலேயே போய்விடும். கிணறு வற்றி மோட்டார் வெறுமனே சுற்றுகிறதா என்று கண்டுபிடிக்க வைத்த அளவீடு கண்டபடி ஏறி இறங்கும். டிக்கை 1000 ஹெர்ட்ஸ் ஆக்கினால் இடைவெளி 3 மில்லி விநாடியாகும். பரவாயில்லை போலத் தெரியும். ஆனால் நோய் தீரவில்லை. அளப்பதற்கு ரவுண்ட் ராபினே தப்பான கருவி. அதற்கு உயர்ந்த முன்னுரிமை கொடுத்து, ஹார்டுவேர் டைமரிலிருந்து ஒழுங்கான இடைவெளியில் எழுப்பி, அளந்ததும் தூங்கவிட வேண்டும்.

இன்னொரு கோளாறு மோடம் டாஸ்க்கில். கட்டளை அனுப்பிவிட்டு பதில் வந்ததா, வந்ததா என்று வளையத்தில் சுற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு துண்டையும் முழுதாகத் தின்னும். மோடம் பேசும் கம்பியான யுஏஆர்டியில் எழுத்து வந்ததும் அடிக்கும் இன்டரப்டில் எழுத்துகளை கியூவில் போட்டு, டாஸ்க் அந்த கியூவில் காத்துத் தூங்க வேண்டும். அப்படித் தூங்கும்போது ஒரு நுணுக்கம்: ஃப்ரீஆர்டிஓஎஸ் துண்டு டிக்கோடு கட்டப்பட்டது. ஒரு டாஸ்க் டிக்கின் நடுவில் தூங்கிவிட்டால், அடுத்தவருக்குக் கிடைப்பது அந்த டிக்கின் மிச்சம் மட்டும். புதிதாக முழு மில்லி விநாடி கிடைக்கும் என்று நம்பி எழுதிய நிரல் இங்கே கவிழும்.

லினக்ஸில்

சாதாரண லினக்ஸ் புராசஸ்கள் ரவுண்ட் ராபினில் ஓடுவதில்லை. 2007-ல் 2.6.23 கெர்னலோடு வந்த சிஎஃப்எஸ், 2023-ல் 6.6-லிருந்து அதன் இடத்தைப் பிடித்த ஈஈவிடிஎஃப் ஆகிய இரண்டு ஷெட்யூலர்களுமே, யார் இதுவரை குறைவாக ஓடினார் என்று கணக்கு வைத்து அடுத்தவரைத் தேர்கின்றன. விட்டுக்கொடுத்தவருக்கு நஷ்டம் என்ற அந்த அநியாயம் இதில் பெரும்பாலும் அடிபட்டுப்போகிறது.

ரவுண்ட் ராபின் வேண்டுமென்றே கேட்டால் கிடைக்கும். நிகழ்நேரக் கொள்கைகளில் ஒன்று ‘ஷெட் ஆர்ஆர்’. முன்னுரிமை 1 முதல் 99 வரை, துண்டு இயல்பாக 100 மில்லி விநாடி. இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஒன்று, சுழற்சி ஒரே முன்னுரிமை எண்ணுக்குள் மட்டும்தான். 51-ல் ஒருவர் ஓடும்வரை அந்தக் கோரில் 50-ல் இருப்பவர்களுக்கு முறையே வராது. இரண்டு, முடிவில்லாத வளையம் உள்ள நிரலை இதில் ஓட்டினால் மற்ற எல்லாமே உறைந்துபோகும். அதற்குத்தான் நிகழ்நேரப் பணிகளுக்கு விநாடியில் 0.95-க்கு மேல் கிடையாது என்று இயல்பாக ஒரு கடிவாளம் வைத்திருக்கிறார்கள். மிச்சம் 50 மில்லி விநாடியில் ஷெல்லில் நுழைந்து அந்த நிரலைக் கொல்லலாம். ‘வேகம் போதவில்லை’ என்று கடிவாளத்தையே கழற்றிவிடச் சொல்லும் அறிவுரைகளை நம்பாதீர்கள்.

ஒரு புராசஸ் துண்டு முடிந்து பிடுங்கப்படுகிறதா, தானாக விட்டுக்கொடுக்கிறதா என்று ஊகிக்கவே வேண்டாம். புராக் (/proc) அடைவில் அந்தப் புராசஸ் எண்ணுக்குள் ‘ஸ்டேட்டஸ்’ கோப்பைத் திறந்தால், கடைசியில் இரண்டு எண்ணிக்கை இருக்கும்: விருப்பப்படி நடந்த மாற்றங்கள், வற்புறுத்தி நடந்தவை. இரண்டாவது வேகமாக ஏறினால் அது சிபியு பசி. முதலாவது ஏறினால் எதற்கோ காத்திருக்கிறது. துண்டை மாற்றிப் பயனில்லை, டிஸ்க்கையோ நெட்வொர்க்கையோ பாருங்கள்.

ஆப்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துகிறவர்களைக் கடிக்கும் துண்டு ஒன்று தனியாக உண்டு. கன்டெய்னருக்கு ‘1 சிபியு’ என்று வரம்பு வைத்தால், கெர்னல் அதை ‘ஒவ்வொரு 100 மில்லி விநாடிக்கும் 100 மில்லி விநாடி’ என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே நான்கு த்ரெட் (ஒரே புராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகள்) நான்கு கோரில் ஒரே சமயம் ஓடினால், அந்தப் பங்கு 25 மில்லி விநாடியிலேயே தீர்ந்துவிடும். மீதி 75 மில்லி விநாடி நான்கும் அசையாமல் நிற்கும், பக்கத்தில் கோர் காலியாக இருந்தாலும்கூட. சராசரி சிபியு பயன்பாட்டை நிமிடக் கணக்கில் வரைந்தால் எல்லாம் அடக்கமாகத் தெரியும், ஆனால் அவ்வப்போது ஒரு கோரிக்கை மட்டும் காரணமில்லாமல் இழுக்கும். இந்த வரம்பை அமல்படுத்தும் கெர்னல் வசதியான சிகுரூப்பின் ‘சிபியு ஸ்டாட்’ கோப்பில் எத்தனை முறை நிறுத்தப்பட்டது, மொத்தம் எத்தனை மைக்ரோ விநாடி நின்றது என்று இரண்டு எண் இருக்கும். அவை ஏறிக்கொண்டே போனால், முதலில் த்ரெட் எண்ணிக்கையை வரம்புக்குத் தக்கபடி குறையுங்கள். பல மொழிகளின் ரன்டைம் கணினியில் உள்ள மொத்தக் கோர்களை எண்ணித்தான் த்ரெட் தொடங்குகிறது. அதற்குப் பிறகும் நின்றால் வரம்பைக் கூட்டுங்கள். 100 மில்லி விநாடிச் சுற்றைக் குட்டையாக்குவது கடைசி வழி. 10 மில்லி விநாடியாக்கினால் ஒவ்வொரு நிற்பும் சிறிதாகும், ஆனால் நிற்கும் எண்ணிக்கை பத்து மடங்கு வரை போகும். ஒவ்வொரு நிற்புக்கும் மேலே சொன்ன கேஷ் செலவு உண்டு.